உதிர்ந்த பூவும் உதிர்த்த பூவும்

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் இருபத்து மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாளையங்கோட்டைச் சாரல் நகர்க் குடியிருப்பின் வாயிலில் நின்ற புங்கமரம், பூக்கத் தொடங்கியிருந்த பருவத்திலேயே, அக்குடியிருப்பில் வாழ்வோரால் உலுக்கப்பட்டது; கம்புகளால் அடிக்கப்பட்டது; துரட்டி கொண்டு இழுக்கப்பட்டது. அதன் தெற்குக் கிளை ஒடிந்து, கீழே நின்ற காரின் பின்கண்ணாடியை நொறுக்கிக்கொண்டு விழுந்தது. மரத்தை வெட்ட அனுமதி கேட்டு மாநகராட்சிக்கு மனு எழுதுவதற்காக, அன்று மாலையே குடியிருப்போர் நலச் சங்கம் கூடியது. இத்தனைக்கும் காரணம், ஓர் அறிவிப்பில் மாறிப்போன ஒரே ஓர் எழுத்து.

அந்த அறிவிப்பின் அடியில் தேவமணி டீச்சரின் பெயர் இருந்தது.

தேவமணிக்கு எழுபத்திரண்டு வயது. தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றுப் பல்லாண்டுகள் கழிந்தும், கண்ணில் படும் பிழையைக் காணாததுபோலக் கடந்து செல்லும் வித்தை அவருக்குக் கைவரவில்லை. சாரல் நகரில் கல்யாணப் பத்திரிகை அடிப்பவரும், 'வீடு வாடகைக்கு' என்று பலகை மாட்டுபவரும், அவர் வீட்டுப் படியை ஒருமுறை ஏறி இறங்கிவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அதற்குப் பெயர் மரியாதை என்று எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் அது அச்சம். ஒற்று மிகாத இடத்தில் ஒற்றைப் போட்டுவிட்டு அவர் முன்னால் நிற்பதைவிடக் கடன்காரன் முன்னால் நின்றுவிடலாம் என்பது அங்கே வழக்கமாகிவிட்ட பேச்சு.

மரத்தின் பிழைப்பு முந்தின ஆண்டே ஊசலாடத் தொடங்கியிருந்தது. அதன் பூக்கள் காரின்மேல் கொட்டுகின்றன, சாக்கடையை அடைக்கின்றன என்று டைல்ஸ் கடை பெருமாள்ராஜ் சங்கத்தில் புகார் கொடுத்திருந்தான். கார் நிறுத்த வேறு இடம் இருந்தது. ஆனால் அங்கே நிழல் இல்லை. நிழல் வேண்டும், நிழல் தருகிற மரம் வேண்டாம் என்பது அவன் கட்சி. அந்த நிழலில்தான் சித்ரலேகாவின் இஸ்திரி வண்டியும் நின்றது. கனல் போட்ட பெட்டியைப் பிடித்துக்கொண்டு பங்குனி வெயிலில் வெட்டவெளியில் நிற்பது நடக்கிற காரியம் இல்லை. மரம் போனால் அவள் பிழைப்பும் அந்த வாசலைவிட்டுப் போய்விடும். இது தேவமணிக்குத் தெரியும். அவர் வீட்டு முன்னறைக்குள் மேற்கு வெயில் நுழையாமல் தடுத்ததும் அதே மரம்தான் என்பதையும் மறைப்பதற்கில்லை.

எனவே மரத்தைக் காக்க ஒரு வழி தேடினார். வழி சொன்னவள் மூன்றாம் வீட்டு ரைஹானத். மேலப்பாளையத்தில் பிறந்து சாரல் நகருக்கு வாழ வந்தவள். தன் வீட்டுக் கூடத்திலேயே பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் காகிதக் கைவேலை வகுப்பு நடத்தினாள்.

"குப்பைன்னுதான சொல்லுதாங்க டீச்சரம்மா? அந்தக் குப்பையத் தேடி இந்தக் காலனியே குனிஞ்சு பெறக்கும்படி பண்ணிருவோம். வசந்தகால ஸ்கிராப்புக் போட்டி வைப்போம். சுற்றுச்சூழலுக்குக் கேடு இல்லாத சாமான் மட்டுந்தான் ஒட்டணும்."

"ஸ்கிராப்புக் என்ன ஸ்கிராப்புக்? ஒட்டேடுன்னு சொல்லு. ஒட்டுகின்ற ஏடு, ஒட்டேடு."

"ஒட்டடைன்னு படிச்சிரப் போறாங்க."

"படிக்கிறவங்கள எங்கிட்ட அனுப்பு" என்றார் தேவமணி.

ரைஹானத் மாதிரிக்கு ஓர் ஏடு செய்து காட்டினாள். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் அட்டை, எழுதித் தீர்ந்த நோட்டுத் தாளை ஊறவைத்து, அரைத்து, வடித்து எடுத்த பக்கங்கள், ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வருவித்த வாழைநாரால் தைத்த முதுகு, புளியங்கொட்டைப் பசை. ஒரு பக்கத்தில் வேப்பம்பூவும் கொழுந்தும், எதிர்ப்பக்கத்தில் கொன்றை, அடுத்ததில் புங்கம்பூ. பக்கத்தை மெல்லத் திருப்பினால் புங்கம்பூவின் ஊதா நிறம் தாளின் மங்கல் வெண்மையில் நிழல்போலக் கிடந்தது. பளபளக்கும் சமுக்கித்தூள் கிடையாது, செல்லோடேப் கிடையாது, தெர்மாகோல் கிடையாது. தேவமணி அதை மூடித் திறந்து, மீண்டும் மூடிப் பார்த்துவிட்டு, "ஒழுங்கா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் புகழ்ச்சி வந்ததாக வரலாறு இல்லை.

போட்டி விதிகளை அவரே எழுதினார். அவற்றுள் முதன்மையான விதி இது: 'மரத்திலிருந்து உதிர்ந்த பூக்களையே ஒட்டவேண்டும்; கையால் பறித்த பூக்கள் ஏற்கப்படமாட்டா.' ரைஹானத் அதைத் தன் கைப்பேசியில் படம் பிடித்துச் சங்கச் செயலாளர் எபனேசருக்கு அனுப்பினாள். எபனேசர் ஓய்வுபெற்ற அரசு எழுத்தர். அவர் அதைத் தட்டச்சு செய்து, கீழே தம் கையெழுத்தையும் 'விதிமுறைகள்: தேவமணி, தமிழாசிரியை (ஓய்வு)' என்ற வரியையும் சேர்த்து, சனிக்கிழமை இரவு வீடுதோறும் கொடுத்தார். வாயிற்கதவிலும் ஒன்று ஒட்டினார். மறுநாள் காலை தேவமணி குடையும் வேதாகமமுமாகக் கோயிலுக்குப் புறப்பட்டபோது, அது ஒட்டியிருந்ததைப் பார்த்தார், நின்று படிக்கவில்லை. முதல் மணி அடித்துவிட்டது. தாம் எழுதியதைத் தாமே படிப்பானேன் என்ற எண்ணமும் இருந்தது.

லெந்து என்னும் தவக்காலம். அன்றைய பிரசங்கம் நீடிய பொறுமையைப் பற்றியது. அந்தப் பொறுமை குடியிருப்பின் வாயில்வரைகூட நீடிக்கவில்லை.

மரத்தடியில் சேலைகளும் போர்வைகளும் விரித்துக் கிடந்தன. அவற்றின்மேல் பூங்கொத்துகள் மொட்டும் காம்புமாகக் குவிந்திருந்தன. பாதிக்கு மேல் இன்னும் விரியாதவை. தகப்பன்மார் கம்புகளோடு நின்றார்கள். தாய்மார் சாக்குகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். போட்டியில் கலந்துகொள்ள வேண்டிய பிள்ளைகளில் ஒன்றைக்கூடக் காணோம். அவை வீட்டுக்குள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தன. தாமாக உதிர்ந்து இரவெல்லாம் தரையில் கிடந்த பூக்கள் வாரியலால் கூட்டி ஒதுக்கப்பட்டுச் சாக்கடை ஓரம் கிடந்தன. தெற்குக் கிளை ஒடிந்து, பட்டை உரிந்து, வெள்ளைச் சதை தெரியப் பெருமாள்ராஜின் காரின்மேல் கவிழ்ந்திருந்தது.

தேவமணியைக் கண்டதும் இரண்டாம் வீட்டுப் பெண் மலர்ந்த முகத்தோடு ஓடிவந்தாள்.

"டீச்சர், பாத்துக்கிடுங்க, ஒரு பூவக்கூடக் கையால பறிக்கல. எல்லாம் உலுக்கி உதிர்த்ததுதான். கீழ கெடந்தது ஒண்ணுகூடக் கலந்துரக் கூடாதுன்னு மொதல்லயே கூட்டித் தள்ளிட்டோம்!"

"யாரு சொன்னா உதிர்க்கச் சொல்லி?" குரல் தாழ்ந்துதான் வந்தது. அவர் வகுப்பில் படித்தவர்களுக்கு அந்தத் தாழ்ந்த குரலின் பொருள் தெரியும்.

"நீங்கதான டீச்சர்!"

"நானா?"

"ஆமா. நோட்டீசுல நீங்கதான எழுதிருந்தீங்க? எங்க வீட்டுக்காரருகூடக் கேட்டாரு, இதென்னட்டி, கீழ அத்தனை பூ கெடக்கும்போது எதுக்கு மரத்தப் போட்டு உலுக்கணும்னு. நாஞ் சொன்னேன், டீச்சர் ஒரு புள்ளி வச்சாலும் அதுக்கு அர்த்தம் இருக்கும், பேசாம உலுக்குங்கன்னு."

தேவமணி வாயிற்கதவின் பக்கம் நடந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். 'மரத்திலிருந்து உதிர்த்த பூக்களையே ஒட்டவேண்டும்; கையால் பறித்த பூக்கள் ஏற்கப்படமாட்டா.' மீண்டும் படித்தார். 'ந்' இருக்கவேண்டிய இடத்தில் 'த்' உட்கார்ந்திருந்தது. மற்ற எல்லாம் சரியாக இருந்தன. அரைப்புள்ளிகூட அவர் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அந்தச் சரியும் சேர்ந்துதான் அந்தத் தப்புக்கு முத்திரை குத்திக் கொடுத்திருந்தது.

பின்னாலிருந்து சித்ரலேகாவின் குரல் வந்தது. அவள் வண்டியின் தார்ப்பாய் கிழிந்து ஒருபக்கம் சாய்ந்திருந்தது. "டீச்சர், நீங்க எழுதுனதுன்னு சொல்லுதாவ. எனக்குப் படிக்கத் தெரியும், ஆனா ஒங்கள மாதிரித் தெரியாது. மரத்த அடிக்கச் சொல்லி நீங்க எழுதிருப்பீங்களா?"

தேவமணி நேரே எபனேசரின் வீட்டை நோக்கி நடந்தார்.

எபனேசர் மதியச் சாப்பாட்டை முடித்து, கையைத் துண்டில் துடைத்தபடி வந்து கதவைத் திறந்தார். "வாங்க டீச்சர், உக்காருங்க. மரம் விஷயமா? சவம், நாம ஒண்ணு நெனச்சா அது ஒண்ணு நடக்கு."

"நான் உக்கார வரல. நான் எழுதிக்குடுத்த வாக்கியத்துல கைவச்சது யாரு?"

"எந்த வாக்கியம்?"

"'உதிர்ந்த'. அதுல நாலாவது எழுத்து."

எபனேசரின் முகத்தில் ஒரு நிம்மதிகூடப் படர்ந்தது. பெரிய குற்றம் ஏதோ என்று பயந்திருந்தார்போலும். "அதுவா? அத நாந்தான் மாத்தினேன் டீச்சர். கேளுங்க. நல்ல காரியத்துக்குப் போடுத நோட்டீசு. அதுல 'உதிர்ந்த'ன்னு கெடக்கு. நம்ம ஊருல அந்த வார்த்தைய எங்கன பாக்கோம்? சொவத்துல ஒட்டுத கண்ணீர் அஞ்சலி போஸ்டர்லதான? மேல போட்டோ, கீழ 'மலர்ந்தது' இன்ன தேதி, 'உதிர்ந்தது' இன்ன தேதி. வசந்தகாலப் போட்டின்னு வாசல்ல ஒட்டிட்டு, வாறவன் போறவன்லாம் யாரு வீட்டுல துட்டின்னு கேட்டா நல்லாவா இருக்கும்? அதான் ஒரே ஒரு எழுத்த மாத்தினேன். ரெண்டும் ஒண்ணுதான?"

"ரெண்டும் ஒண்ணா?"

"பூ கீழ விழுந்தாச்சு. எப்படி விழுந்தா என்ன டீச்சர்?"

"செத்தவனும் செத்துத்தான் கெடக்கான், கொல்லப்பட்டவனும் செத்துத்தான் கெடக்கான். எப்படிச் செத்தா என்னன்னு விட்டுருவீரா? உதிர்ந்தது தன்வினை, பூ தானா செய்த காரியம். உதிர்த்தது பிறவினை; நீரும் நானும் கம்பெடுத்துச் செய்த காரியம். இந்த வித்தியாசத்துக்காகத்தானய்யா அந்த ஒரு எழுத்தே இருக்கு! அரசாங்கத்துல இத்தன வருசம் பேனா பிடிச்சீரே, எத்தன பேரு குடும்பத்த இப்படி எழுத்து மாத்திக் கவுத்தீர்?"

எபனேசரின் மனைவி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். எபனேசர் குரலைத் தாழ்த்தினார். "பைய, டீச்சர், பைய. பெருமாள்ராசு வந்து ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போயிருக்கான். நோட்டீசப் பாத்துத்தான் இழுத்தேன், நோட்டீசுக்குப் பொறுப்பு யாருன்னு போலீஸ் ஸ்டேஷன்ல கேட்டுக்கிடுதேன்னு சொல்லுதான். அதுல ஏங் கையெழுத்துல்லா இருக்கு? இந்த வயசுல நான் ஸ்டேஷன் வாசல்ல போயி நிக்கவா? அதுக்கு ஒரு வழி பண்ணிட்டேன். மரம் பட்டுப்போச்சு, கிளை தானா முறிஞ்சு விழுந்துச்சு, ஆபத்து இருக்குன்னு எழுதி மனுப் போட்டா, யாரு தலையிலயும் பழி விழாது. அவனும் சரின்னுட்டான். சாயந்தரம் கூட்டத்துல தீர்மானம்."



"தானா முறிஞ்சதா? துரட்டி போட்டு இழுத்து முறிச்சத 'முறிந்தது'ன்னு எழுதப் போறீரு. தானா உதிர்ந்தத 'உதிர்த்தது'ன்னு மாத்தினீரு. மரம் செய்ததெல்லாம் ஒங்க கணக்குல, நீங்க செய்ததெல்லாம் மரத்துக் கணக்குலயா? இலக்கணம் தெரியாதுன்னு நெனச்சேன். நல்லாத்தான் தெரியுது ஒமக்கு. எங்க மாத்தினா நாம தப்பிக்கலாம்கிற வரைக்கும் தெரியுது."

"நீங்க எது வேணும்னாலும் சொல்லுங்க டீச்சர். எனக்கு வேற வழி இல்ல."

வீட்டுக்குத் திரும்பியபின் தேவமணி சாப்பிடவில்லை. ரைஹானத் வந்தாள். ரமலான் நோன்பினால் உதடு காய்ந்திருந்தது. ஆனாலும் அவர் சினத்துக்குச் சற்றும் குறையாத சினம் அவளிடமும் இருந்தது.

"டீச்சரம்மா, அந்தப் பூவ வச்சு ஒரு பக்கங்கூட ஒட்ட முடியாது. பச்சப் பூ, தண்ணி இருக்கு. பசையில வச்சா ரெண்டு நாள்ல கறுத்துப் பூசணம் பிடிச்சிரும். தானா விழுந்தது காத்துல வாடி நெலத்துல கெடந்து பக்குவமா இருக்கும். அத வாரிச் சாக்கடையில போட்டுட்டு, இத மூட்ட கட்டி வச்சிருக்காங்க. ஏம் போன்ல நீங்க எழுதுன தாளோட படம் இருக்கு. கூட்டத்துல எல்லாரு மொகத்துக்கு நேரேயும் காட்டுதேன். எபனேசர் அண்ணாச்சி என்ன சொல்லுதாருன்னு பாப்போம்."

"காட்டு" என்றார் தேவமணி.

நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்பே முடித்துவிடவேண்டும் என்பதற்காகக் கூட்டம் ஐந்து மணிக்கே தொடங்கியது. மரத்தடியிலேயே பிளாஸ்டிக் நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. ஒடிந்த கிளையை யாரும் அப்புறப்படுத்தவில்லை. எபனேசர் தீர்மானத்தைப் படித்தார்: "நமது குடியிருப்பின் வாயிலில் உள்ள புங்கமரத்தின் கிளை தானாகவே முறிந்து விழுந்தமையால், பொதுமக்களின் பாதுகாப்புக் கருதி..."

"நிறுத்துங்க" என்றார் தேவமணி.

"டீச்சர், முழுசாப் படிச்சிக்கிடட்டும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"முதல் வாக்கியமே பொய். பொய்யான வாக்கியத்த முழுசாப் படிச்சா உண்மையாயிருமா? கிளை முறியல. முறிக்கப்பட்டது."

சித்ரலேகா வண்டியருகே நின்றபடியே கேட்டாள்: "மரத்த வெட்டிட்டா நான் வண்டிய எங்கன நிறுத்த?"

"வேற எங்கனயாச்சும் நிறுத்து தாயி. இருக்குத பிரச்சன போதாதுன்னு இவ வேற" என்றார் ஒருவர்.

ரைஹானத் எழுந்து கைப்பேசியை உயர்த்திக் காட்டினாள். "இதுதான் டீச்சரம்மா எழுதுனது. 'உதிர்ந்த'. இத அப்படியே எபனேசர் அண்ணாச்சிக்கு அனுப்பிச்சேன். நோட்டீசுல 'உதிர்த்த'ன்னு வந்துருக்கு. நடுவுல யாரு கை பட்டுதோ அவங்கதான் பதில் சொல்லணும்."

கைப்பேசி கைமாறிக் கைமாறிப் போயிற்று. சலசலப்பு எழுந்தது. எபனேசர் முகம் வெளிறி, தீர்மானத் தாளை இரண்டாக மடித்தார்; பிறகு நான்காக மடித்தார். அப்போதுதான் பெருமாள்ராஜ் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"அப்ப செயலாளர்தான் பொறுப்பு! நல்லதாப் போச்சு. நான் இழுத்தேன், இல்லன்னு சொல்லல. துரட்டி ஏங் கையிலதான் இருந்துச்சு. ஆனா நோட்டீசுல போட்டுருந்ததத்தான் செய்தேன். அண்ணாச்சி, நாளைக்குக் காலையில ஸ்டேஷன்ல பாப்போமா?"

எபனேசர் நாக்குழறினார். "வே, நாமதான் பேசி முடிச்சாச்சே... மரம் தானா முறிஞ்சதுன்னு எழுதிட்டா ஒமக்கும் நல்லது, எனக்கும் நல்லது. டீச்சரு சொல்லுத மாதிரி எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன். போடவே மாட்டேன்."

ஏழெட்டுத் தலைகள் அவர் பக்கம் அசைந்தன. தேவமணி அதைப் பார்த்தார். தாம் சரி என்று நிறுவிவிட்டார். நிறுவியதாலேயே மரத்தைத் தோற்றுக்கொண்டிருந்தார். பிழை எபனேசருடையது என்று எழுதினால் எபனேசர் மரத்தை வெட்டுவார். தம்மைக் காத்துக்கொள்ள அவருக்கு வேறு வழியில்லை. பிழை யாருடையதும் இல்லை என்று எழுதினால் மரமே குற்றவாளி ஆகும். யாரேனும் ஒருவர் அந்த எழுத்தைத் தம்முடையது என்று ஏற்றால் ஒழிய, அந்தக் கூட்டம் கோடரியில்தான் முடியும்.

"ஏலே பெருமாள்ராசு" என்றார். "மரத்த விட்டுவைக்க ஒனக்கு என்ன வேணும்?"

பெருமாள்ராஜ் ஏழாம் வகுப்பில் அவரிடம் படித்தவன். சிரித்தான். "எனக்கா? டீச்சர், சந்திப்பிழை விட்டேன்னு எத்தன பரீட்சையில என்ன முழங்கால் போட வச்சிருப்பீங்க? 'வாழைப்பழம்'ல 'ப்' விட்டதுக்கு வகுப்பு முழுக்கச் சிரிக்க வச்சீங்க. யானைக்கும் அடி சறுக்கும்பாங்க. இந்த யானைக்கு மட்டும் சறுக்கினதே கெடையாது. இந்த நோட்டீசுல ஒங்க பேருதான இருக்கு? தப்புப் பண்ணிட்டேன்னு ஒரே ஒரு வாட்டி, இந்தச் சபையில, ஒங்க வாயால சொல்லுங்க. கண்ணாடியையும் விட்டுருதேன், மரத்தையும் விட்டுருதேன், அண்ணாச்சியையும் விட்டுருதேன்."

"யா அல்லா!" ரைஹானத் துள்ளி எழுந்தாள். "பழி ஓரிடம் பாவம் ஓரிடமா? அவங்க எழுதலன்னு இப்பதான எல்லாரும் பாத்தீங்க? டீச்சரம்மா, நோன்பு வச்சிருக்கவள ஒங்க வாயிலருந்து பொய்யக் கேக்க வைக்காதீங்க."

"பொய் சொல்ல மாட்டேன், உக்காரு." தேவமணி எழுந்தார். ஊன்றிக்கொள்ள நாற்காலியின் முதுகைப் பிடித்தார், பிளாஸ்டிக் நெளிந்தது. "அறிவிப்பின் அடியில எம் பேரு இருக்கு. பேரு போட்டவ அச்சான தாளப் படிச்சிருக்கணும். காலையில அந்தக் கதவத் தாண்டிப் போனேன், நின்னு படிக்கல. அந்த எழுத்துக்கு நான் பொறுப்பு."

"பொறுப்புங்கிறது வேற டீச்சர். தப்புன்னு சொல்லுங்க."

"பிழை."

"தப்பு."

"தவறு, லே!"

"நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதுன்னு? தப்பு."

நாற்காலிகளில் யாரோ இருவர் சிரிக்கத் தொடங்கி, பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார்கள். தேவமணியின் தொண்டையில் வேறொரு சொல் வந்து நின்றது, எபனேசரின் பெயர். அவர் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். எபனேசர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரின்மேல் இரக்கம் வரும் என்று யாரேனும் எதிர்பார்த்திருந்தால் ஏமாந்துபோயிருப்பார்கள். தேவமணிக்கு வந்தது அருவருப்பு. அதை விழுங்கினார்.

"தப்பு" என்றார். "எந் தப்பு. போதுமா?"

பெருமாள்ராஜ் வெற்றிச் சிரிப்பு ஒன்றை முன்பே ஆயத்தம் செய்து வைத்திருந்தான். அதை எடுத்துக் காட்ட அவனால் முடியவில்லை. சொன்னவரின் முகத்தில் தோல்வி இல்லை. அடித்துவிடுவாரோ என்ற சந்தேகம்தான் அவனுக்கு எழுந்தது. "சரி டீச்சர், விடுங்க" என்று முனகி உட்காரப் போனான்.

"உக்காராத. நான் சொல்லியாச்சு. இப்ப நீ சொல்லு. கிளை முறிந்ததா? முறித்ததா?"

"அதான் அப்பவே சொன்னேம்லா..."

"எழுவாயோட சொல்லு."

பெருமாள்ராஜ் சுற்றிலும் பார்த்தான். "நான்... நான் கிளைய முறிச்சேன்."

"எபனேசர், மடிச்ச தாள விரிங்க. எழுதுங்க. 'முறிந்தது'ன்னு ஒமக்கு வசதியா எழுதினீருன்னா, ராத்திரி முழுக்க இங்கனயே உக்காந்திருப்பேன். ஒரு வரி எழுதும், காட்டும், நான் படிச்சாதான் அடுத்த வரி."

எபனேசர் எழுதினார். ஒவ்வொரு வரியையும் அவர் வாங்கிப் படித்தார். இரண்டு இடங்களில் ஒற்றுச் சேர்த்தார். ஓரிடத்தில் 'மரத்தினை' என்றிருந்ததை 'மரத்தை' என்று சுருக்கினார். கடைசி வரி எழுதி முடிந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. ரைஹானத் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வீட்டுக்குப் போனாள். அவள் கோபம் இப்போது தேவமணியின் மேலும் இருந்தது. அது தேவமணிக்கும் தெரிந்தது.

அன்று முடிவாகத் தீர்மானிக்கப்பட்டது இதுதான். புங்கமரம் வெட்டப்படாது, மாநகராட்சிக்கு மனு அனுப்பப்படாது. தெற்குக் கிளையைப் பெருமாள்ராஜ் இழுத்து முறித்தார் என்பது பதிவு செய்யப்படும். காரின் கண்ணாடியை அவரே மாற்றிக்கொள்வார். முறித்த இடத்தை மறுநாளே ஒழுங்காக அறுத்துச் சாணமும் செம்மண்ணும் பூசவேண்டும். மரத்தடியில் இனிக் கார் நிறுத்தக் கூடாது. சித்ரலேகாவின் வண்டி அதன் இடத்திலேயே நிற்கும். கிழிந்த தார்ப்பாய்க்குப் பதிலாகச் சங்கம் புதியது வாங்கித் தரும். அடித்து உதிர்த்த பூக்கள் அனைத்தும் மரத்தின் அடியிலேயே குழிவெட்டிப் புதைக்கப்படும். அவற்றுள் ஒன்றுகூட எந்த ஒட்டேட்டிலும் இடம்பெறாது. போட்டி ஏப்ரல் இருபத்தேழாம் நாள் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. எஞ்சிய கிளைகள் அதற்குள் பூத்து உதிருமானால் நடக்கும், இல்லையேல் அவ்வாண்டு நடவாது. நடுவர் பொறுப்பிலிருந்து தேவமணி தாமாகவே விலகிக்கொண்டார். ரைஹானத் ஒருத்தியே தீர்ப்பளிப்பாள். அறிவிப்பில் நேர்ந்த எழுத்துப் பிழைக்குப் பொறுப்பு தேவமணி என்று எழுதப்பட்டது. அதில் எபனேசரின் பெயர் செயலாளர் கையெழுத்தாக மட்டுமே இருந்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.